மழைமானி, கொன்றை, பாட்டாவின் தேன் நோட்டு: சங்கத்தின் 2025 ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், நான் செய்த வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போன பொதுக்குழுவில் ஒரே ஒரு முடிவுதான் எடுத்தோம். சரணாலய எல்லைக்குள் போகாமல், கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் சுற்றுவட்டாரத்தில் அவரவர் வீட்டிலும் விளையிலும் (தோட்டத்திலும்) நின்றபடியே மலையில் நடப்பதைக் கவனித்து எழுதி வைப்பது. இதனால் என்ன தெரியப்போகிறது என்று அன்றைக்குச் சிலர் கேட்டீர்கள், நியாயமான கேள்விதான். மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும். அதனால் காலநிலை சூடாக ஆக, குளிர் வேண்டிய செடியும் விலங்கும் மேலே நகரப் பார்க்கும். நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஏறுவதற்கு இடம் இருக்கிறது. நம் பக்கம் அகத்தியர் மலையே 1,868 மீட்டர்தான், மகேந்திரகிரி அதைவிடக் குறைவு. தெற்கே போகலாம் என்றால் கடல், வடக்கே போகலாம் என்றால் செங்கோட்டைக் கணவாயின் தாழ்ந்த நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த வால்முனையில் இருக்கிற உயிர்களுக்குப் போக்கிடம் குறைவு, அதனால்தான் இங்கே நடக்கும் சின்ன மாற்றத்தையும் நாம் எழுதி வைக்க வேண்டும் என்கிறேன்.

வரையாட்டைப் பற்றியும் பலர் கேட்டீர்கள். தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் 2024-ல் 1,031, 2025-ல் 1,303 என்று வந்தது. சந்தோஷமான செய்திதான், ஆனால் இரண்டாம் ஆண்டில் கூடுதல் இடங்களில் போய்ப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். நம் மலை உச்சியின் புல்வெளிகளிலும் வரையாடு உண்டு.

இனி மழைமானி. தினமும் காலை 8.30 மணிக்கு அளவெடுக்க வேண்டும், வானிலைத் துறையின் நேரமும் அதுதான். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) முழுக்க ஒரு நாள் விடாமல் எழுதினோம். ஐப்பசியில் தவறு நடந்தது. மழைமானி வைத்திருந்த வீட்டில் கல்யாணம், ஒன்பது நாள் யாரும் பார்க்கவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டுத் தம்பி நல்லெண்ணத்தில் அந்த ஒன்பது நாளுக்கும் 0 என்று நிரப்பிவிட்டார். அதை நான் அடித்துவிட்டேன், அவருக்கு வருத்தம் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பார்க்காத நாள் வெற்றிடமாகவே இருக்கட்டும். 0 என்று எழுதினால் மழையே பெய்யவில்லை என்று ஆகிவிடும், பத்து வருஷம் கழித்துப் படிக்கிறவர் அதை நம்பிவிடுவார்.

மரங்களைப் பார்ப்பதில் பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரே மரத்தை வாரம் ஒரு நாள் பார்த்து, தளிர், மொட்டு, பூ, காய், பழம் எது இருக்கிறது என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். கொன்றை, சக்கை (பலா), அயனி (அயனிப்பலா), மாவு (மாமரம்) நான்கையும் எடுத்தோம். சித்திரை விஷுவுக்குக் கணி வைக்கக் கொன்றை கிடைக்காமல் முன்னாலேயே பூத்து உதிர்கிறது என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்கிறோம், ஆனால் எந்த வருஷம் எந்த நாள் பூத்தது என்று கேட்டால் யாரிடமும் எழுத்தில் இல்லை. இந்த வருஷம் முதல் இருக்கும். ஒரு வருஷக் கணக்கை வைத்து எதையும் அறுதியாகச் சொல்ல முடியாது, அதில் யாருக்கும் அவசரம் வேண்டாம்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குத் தேரூர், சுசீந்திரம் குளங்களுக்குப் போனோம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த குளங்கள். கூட்டம் நன்றாக வந்தது, அடுத்த முறை இன்னும் விடியலிலேயே கிளம்ப வேண்டும்.

இந்த வருஷம் கிடைத்த பெரிய சொத்து நாம் தேடிப் போகாதது. தேனீ வளர்க்கும் ஒரு பாட்டாவின் (தாத்தாவின்) நோட்டு. கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) 1158-ல், அதாவது 1982-83-ல் தொடங்குகிறது. எத்தனை பெட்டி, முதல் தேன் எடுத்தது எந்த நாள், என்ன விலை என்று மகரம், கும்பம் (நம் தை, மாசி) மாதத் தேதிகளில் வருஷா வருஷம் எழுதியிருக்கிறார். ரப்பர் இலை உதிர்த்துத் தளிர்க்கும்போது இளம் இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும், நம் மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு அதுதான். அந்த நேரத்தில் மழை பெய்தால் சுரந்ததெல்லாம் கழுவிப் போய்விடும். பனிமூட்டம் நின்றால் சாம்பல் நோய் வந்து தளிரே உதிரும். ஆக, பாட்டா தேன் எடுத்த நாளைப் பார்த்தால் அந்த வருஷம் ரப்பர் எப்போது தளிர்த்தது, மாசியில் மழை வந்ததா என்றெல்லாம் ஓரளவு கண்டுபிடிக்கலாம். 1991, 92-ல் வைரஸ் நோய் வந்து தேனீக் கூட்டங்கள் அழிந்தபோது பக்கங்கள் காலியாகக் கிடக்கின்றன. பார்க்கவே மனசு கனத்தது.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. தளிர்க்கும் நாள் ரப்பர் ரகத்துக்கு ரகம் மாறும். பழைய மரங்களை வெட்டி ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரப்பர் ரகம் வைத்தவர்கள் பலர், 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் சாய்த்த தோட்டங்களில் புதிதாக நட்டவர்களும் பலர். எனவே தேதி தள்ளிப் போயிருந்தால் உடனே வெயிலையும் மழையையும் காரணம் சொல்லிவிட முடியாது. பெட்டி வைத்த விளையில் அப்போது என்ன ரகம் நின்றது என்று பாட்டாவிடமே கேட்டுப் பக்கம் பக்கமாகக் குறிக்க வேண்டும். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, இதைத் தள்ளிப் போடக் கூடாது. ரப்பர் பால்வெட்டுகிற அண்ணன்மார் வீடுகளிலும் இப்படிக் கணக்கு நோட்டுகள் இருக்கும், மழையால் வெட்டு நின்ற நாள் அதில் தெரியும். பழைய பேப்பர்காரனுக்குப் போடும் முன் எங்களிடம் காட்டுங்கள்.

நோட்டை வெளியே தர மாட்டோம் என்று பாட்டாவின் மகள் சொல்லியிருக்கிறார், அது சரிதான். நாமே போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படமெடுக்கப் போகிறோம். வருகிற ஞாயிறு காலை 9 மணி. வருகிறவர்கள் போனில் இடம் காலி செய்துகொண்டு வாருங்கள், மலையாள மாதத் தேதியை மாற்றிக் கணக்குப் போடத் தெரிந்தவர் ஒருவராவது கண்டிப்பாக வேண்டும்.