ஒரே ஆல்பம், இரண்டு பெட்டிகள்: கிராமி தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கிராமி இசை விருதுகளை வழங்கும் ரெக்கார்டிங் அகாடமியின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். நான் இசைக்கலைஞன் அல்ல. ராத்திரி வேலை முடிந்து வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறவன். பாகிஸ்தானியப் பாடகி அரூஜ் ஆஃப்தாப் விஷயமாக உங்களிடம் முறையிட வேண்டியிருக்கிறது.

2022இல் அவருடைய ‘மொஹபத்’ பாடலுக்கு ‘குளோபல் மியூசிக்’ பிரிவில் விருது கொடுத்தீர்கள். கிராமி வாங்கிய முதல் பாகிஸ்தானியர் அவர். சொந்த வீட்டு விசேஷம் போல அன்று சந்தோஷப்பட்டேன். எனக்கு உருது தெரியாது. ஹஃபீஸ் ஹோஷியார்புரி எழுதி, மெஹ்தி ஹசன் பாடிப் புகழ்பெற்ற கஜல், அதாவது உருதுக் காதல் கவிதைப் பாட்டு, அது என்பதையே பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அரூஜ் பாடும்போது முதலில் கயான் ரைலியின் கிட்டார் மட்டும் விரல்விரலாக நடந்து வருகிறது. குரல் வருவதற்கு அவசரமே இல்லை. வந்த பிறகும் ஓங்கி ஒலிப்பதில்லை. துக்க வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவரின் குரல் அது. இந்தப் பாட்டு உள்ள ‘வல்ச்சர் பிரின்ஸ்’, தம்பியைப் பறிகொடுத்த துயரத்தோடு உருவான ஆல்பம் என்று அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அந்த வருடம் அதே பிரிவில் போட்டிக்கு நின்ற இன்னொரு பாட்டு, நைஜீரியப் பாடகர்கள் விஸ்கிட்டும் டெம்ஸும் பாடிய ‘எசென்ஸ்’. அதுவும் எனக்குப் பிடித்த பாட்டுதான். ஆனால் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து நடனத் தாளத்தையும் இந்தக் கஜலையும் ஒரே தராசில் எப்படி வைத்தீர்கள்? இரண்டும் எங்கிருந்தோ வந்தவை என்பதைத் தவிர வேறு பொருத்தம் எனக்குத் தெரியவில்லை.

‘உலக இசை’ என்ற பெயரில் காலனிய வாடை வீசுகிறது என்று 2020இல் நீங்களே அதை ‘குளோபல் மியூசிக்’ என்று மாற்றினீர்கள். பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றியதோடு நின்றுவிட்டது. சின்ன வயதில் எங்கள் தெருமுனை கேசட் கடையில் தமிழ், இந்தி, பக்தி என்று அடுக்குகள் இருக்கும். எதிலும் சேராததெல்லாம் ‘பிற’ என்று எழுதிய கீழ்த்தட்டுக்குப் போகும். உங்கள் பிரிவைப் பார்க்கும்போது அந்தத் தட்டுதான் நினைவுக்கு வருகிறது.

அரூஜ் ரியாத்தில் பிறந்து, லாகூரில் வளர்ந்து, பாஸ்டனின் பெர்க்லீ கல்லூரியில் படித்து, நியூயார்க்கில் குடியேறியவர். 2014இல் முதல் ஆல்பம். 2021இல் வந்த ‘வல்ச்சர் பிரின்ஸ்’கூட நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற, லாப நோக்கில்லாத சிறு நிறுவனத்தின் வெளியீடு. அந்த ஆல்பத்திலேயே பாரசீகக் கவிஞர் ரூமியின் கவிதையை ஆங்கிலத்தில், ஜமைக்காவின் ரெகே தாளத்தில் பாடியிருக்கிறார். யாரும் கேட்காமலே எல்லா வேலிகளையும் தாண்டிப் போனவர். அவரைத் திரும்பத் திரும்ப வேலிக்குள் கொண்டுவந்து விடுகிறீர்கள்.

என் மனக்குறைக்கு நேரடிக் காரணம் இதுதான். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயர், இன்னொரு இசைக்கலைஞர் ஷாஸாத் இஸ்மாயிலி ஆகியோருடன் அரூஜ் செய்த ‘லவ் இன் எக்ஸைல்’ ஆல்பம் 2024இல் மாற்று ஜாஸ் ஆல்பம் பிரிவில் பரிந்துரையானது. அதே ஆல்பத்தின் ‘ஷேடோ ஃபோர்சஸ்’ பாட்டு குளோபல் பிரிவுக்குப் போனது. 2025இல் அவருடைய ‘நைட் ரெய்ன்’ ஆல்பம் மறுபடியும் மாற்று ஜாஸ். அதிலுள்ள ‘ராத் கி ராணி’ மறுபடியும் குளோபல். முழு ஆல்பமாக இருந்தால் ஜாஸ், தனிப் பாட்டாக எடுத்தால் வெளியூர்ச் சரக்கா? ஜாஸ் பாடல்களுக்கென்று உங்களிடம் தனிப் பிரிவு இல்லாமலா போயிற்று?

எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்பதில் கலைஞருக்கும் நிறுவனத்துக்கும் பங்குண்டு. ஆனாலும் வந்ததைச் சலித்து இடம் ஒதுக்குவது உங்கள் குழுக்கள்தானே.

ஒரு ஆல்பத்துக்கு ஒரு பிரிவைக் கொடுத்தால், அதன் பாட்டை வேறு பிரிவுக்கு அனுப்புவதற்கு முன் அந்தக் கலைஞரிடம் எழுத்தில் காரணம் சொல்லுங்கள். காரணம் மொழி மட்டும் என்றால், அந்தப் பாட்டை ஜாஸ் பிரிவிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த வருட விதிப் புத்தகத்தில் இந்த இரண்டு வரிகளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு ரசிகன்