முதல் 401ஐப் பார்த்துப் பயப்படாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அந்த அலைச்சலில் பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார், பேப்பர்கூடப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

டாக்கர் இமேஜ்களை, அதாவது ஓட்டத் தயாராக மூட்டை கட்டிய புரோகிராம்களை, சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சொந்த சர்வரில் வைத்திருக்கிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். கட்டிய இமேஜ் எல்லாம் நம் கைவசமே இருப்பதில் ஒரு தனி நிம்மதி உண்டு. ஆனால் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் டாக்கர் லாகின் 'அன்ஆதரைஸ்டு' என்றே சொல்கிறது என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் உன்னை நிறுத்த வேண்டும். பாஸ்வேர்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிடு. உன்னை மறுப்பது யார் என்று முதலில் பார்க்கலாம்.

லாகின் கொடுத்ததும் டாக்கர் நேராகப் பாஸ்வேர்டைக் கொண்டுபோய் ரெஜிஸ்ட்ரியிடம் நீட்டுவதில்லை. முதலில் வெறுங்கையோடு 'வி2' என்ற முகவரியைக் கேட்கிறது. ரெஜிஸ்ட்ரி 401, அதாவது 'நீ யாரென்று காட்டு' என்று திருப்பி அனுப்புகிறது. இந்த 401 கோளாறு இல்லை, வரவேண்டிய பதிலே அதுதான். அதனோடு வரும் குறிப்பு வரிகளில், அதாவது ஹெடரில், 'ரெல்ம்' என்று ஒரு முகவரி இருக்கும், டோக்கன் என்ற தற்காலிக அனுமதிச் சீட்டை வாங்க வேண்டிய இடம். டாக்கர் உன் பெயரையும் பாஸ்வேர்டையும் அங்கே கொடுத்து டோக்கன் வாங்கி, அதைக் காட்டித்தான் ரெஜிஸ்ட்ரிக்குள் போகிறது. ஆக, டோக்கன் தருபவரும் மறுக்கலாம், ரெஜிஸ்ட்ரியும் மறுக்கலாம். திரையில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கர்ல் கட்டளையால் அந்த வி2 முகவரியை நீயே கூப்பிட்டு, ஹெடரை முழுதாகப் படி. ரெல்மில் உன் டொமைன் பெயருக்குப் பதிலாக 'லோக்கல்ஹோஸ்ட்' என்றோ, கன்டெய்னரின் உள்பெயரோ, எஸ் இல்லாத எச்டிடிபி முகவரியோ இருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். ரெஜிஸ்ட்ரியை நடத்தும் மென்பொருள் கிட்லாபோ ஹார்பரோ எதுவானாலும், அதன் வெளிமுகவரி அமைப்பைத் திருத்த வேண்டும். கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்ப முன்னால் என்ஜின்எக்ஸ் நின்றால், வந்தது எச்டிடிபியா எச்டிடிபிஎஸா என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடர் உள்ளே போகிறதா என்றும் பார். எனக்குத் தெரிந்த பல இடங்களில் குற்றவாளி இந்த ஒரு வரிதான்.

ரெல்ம் சரியாக இருந்து, டோக்கனும் கிடைத்து, அப்புறமும் ரெஜிஸ்ட்ரி மறுத்தால் கடிகாரத்தைப் பார். டோக்கனுக்குள் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் எழுதியிருக்கும். டோக்கன் தருவதும் ரெஜிஸ்ட்ரியும் வேறு வேறு மெஷினில் இருந்து நேரம் சில நிமிடம் தள்ளிப்போனால், நல்ல டோக்கனும் செல்லாது. கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.

டோக்கன் எதுவும் இல்லாமல் பெயரும் பாஸ்வேர்டும் எழுதிய எச்டிபாஸ்வேர்டு கோப்பை மட்டும் வைத்திருந்தால் கதை வேறு. ஹெடரில் டோக்கனைக் குறிக்கும் 'பேரர்' என்று இல்லாமல் 'பேசிக்' என்று வரும். அந்தக் கோப்பில் ரெஜிஸ்ட்ரி ஏற்பது பாஸ்வேர்டை மறைத்தெழுதும் பிகிரிப்ட் முறையை மட்டும்தான். கோப்பை உருவாக்கும்போது பெரிய பி ஆப்ஷன் கொடுக்காவிட்டால் எம்டி5 முறையில் எழுதிவிடும். அந்த வரியை ரெஜிஸ்ட்ரி கண்டுகொள்ளாது. சரியான பாஸ்வேர்டும் தப்பாகத் தெரிவது இப்படித்தான்.

'எக்ஸ்509' என்ற சொல் உள்ள சான்றிதழ்ப் பிழை வந்தால் பேச்சு பாஸ்வேர்டு வரைக்கும் போகவேயில்லை என்று அர்த்தம். சான்றிதழை நீயே உருவாக்கியிருந்தால், அதில் கையெழுத்திட்ட சிஏவின் (சான்றளிப்பவரின்) கோப்பை டாக்கர் அமைப்பு ஃபோல்டரில் 'செர்ட்ஸ்.டி'க்குள், ரெஜிஸ்ட்ரியின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு வை. போர்ட் எண் கொடுத்துத்தான் கூப்பிடுவாய் என்றால் ஃபோல்டர் பெயரிலும் அந்த எண் இருக்க வேண்டும். டொமைன் பெயர் சான்றிதழில் எஸ்ஏஎன் என்ற மாற்றுப்பெயர்ப் பகுதியில் இருக்கிறதா என்றும் பார். டாக்கர் எழுதப்பட்டிருக்கும் கோ மொழியில், 2020இல் வந்த 1.15 பதிப்பிலிருந்து, காமன் நேம் என்ற பழைய பகுதியில் மட்டும் பெயர் இருந்தால் செல்லுபடியாகாது. சான்றிதழைச் சரிபார்க்காத 'இன்செக்யூர் ரெஜிஸ்ட்ரி' பட்டியலில் சேர்த்துவிடு என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம் நண்பா. பாஸ்வேர்டு அடுத்தவர் கைக்குப் போகிற வழி அது.

இன்னொன்று. நிர்வாகி (ரூட்) உரிமையில் ஓட்டும் சூடோ போட்டு லாகின் செய்துவிட்டு, சூடோ இல்லாமல் இமேஜைப் புஷ் செய்தால் மறுக்கத்தான் செய்யும். முதலாவது ரூட்டின் ஃபோல்டரில் சேமித்தது, இரண்டாவது உன் ஃபோல்டரில் தேடுகிறது. லாகின் விவரத்தைச் சேமிக்கும் அந்தக் கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்டு வெறும் பேஸ்64ஆகத்தான் கிடக்கும், யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். அதனால் பாஸ்வேர்டைப் பாதுகாப்பாக வைக்கும் கிரெடென்ஷியல் ஹெல்பர் ஒன்றைப் போட்டுக்கொள். கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் பாஸ்வேர்டுக்குப் பதில் அக்சஸ் டோக்கனைக் கொடு.

முதலில் அந்த ரெல்ம் வரியைப் பார்த்துவிட்டு, வந்த ஹெடரை அப்படியே எனக்கு அனுப்பு. அதோடு உன் என்ஜின்எக்ஸ் கோப்பும் வேண்டும், பாஸ்வேர்டு எங்காவது இருந்தால் அதை மட்டும் எடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்