டிவியும் உங்களுடையது, சவுண்ட்பாரும் உங்களுடையது, பிரச்சினை மட்டும் யாருடையது?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் அனுப்பும் ஆறாவது புகார். முந்தைய ஐந்தும் உங்கள் கணக்கில் ‘தீர்க்கப்பட்டது’ என்று இருக்கின்றன. யார் வந்து எப்போது தீர்த்தார்கள் என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

டிவியையும், அதன் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாரையும் உங்களிடமே சேர்த்து வாங்கினேன். ஒரே கம்பெனிப் பொருள் என்றால் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்ற நம்பிக்கைதான். எட்டு மாதம் ஒத்துப்போகவும் செய்தது, அதை மறுக்கவில்லை. அந்த மென்பொருள் அப்டேட் வந்த மறுநாளிலிருந்து, ஈ-ஆர்க் (டிவியின் சத்தத்தை ஹெச்டிஎம்ஐ கேபிளிலேயே சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி) வழியாக வரும் சத்தம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டு விநாடி நின்றுபோகிறது. எந்த அப்டேட் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அனுப்பியது நீங்கள்தானே. சவுண்ட்பார் முகப்பில் ஈ-ஆர்க் என்ற எழுத்து அணையும், ஒரு ‘டொக்’ கேட்கும், மறுபடி எழுத்து எரியும். படத்தில் கொலைகாரன் யார் என்று சொல்லும் நேரமாகப் பார்த்துத்தான் அணையும்.

வீணாகப் பழி போடக்கூடாது என்று நானே சோதித்தும் பார்த்துவிட்டேன். 48 ஜிபிபிஎஸ் தாங்கும் புதுக் கேபிள் வாங்கிப் போட்டேன், மாற்றமில்லை. ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை டிவியில் செருகாமல் சவுண்ட்பாரின் ஹெச்டிஎம்ஐ இன்புட்டில் செருகினேன். அதே கேபிள் வழியாகப் படம் டிவிக்குப் போனது, முழுப் படத்திலும் சத்தம் ஒரு தடவைகூட அறுபடவில்லை. டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம் (டிவியே சத்தத்தைப் பிரித்து அனுப்புவது) என்று வைத்தால் சரியாக இருக்கிறது. பாஸ்-த்ரூ (வந்ததை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்று வைத்தால் அறுபடுகிறது. அப்படியென்றால் கோளாறு சவுண்ட்பாரிலா, டிவியிலா? உங்கள் டிவிப் பிரிவு சவுண்ட்பாரைக் கை காட்டுகிறது, சவுண்ட்பார் பிரிவு டிவியைக் கை காட்டுகிறது. இரண்டு அட்டைப்பெட்டியிலும் இருப்பது ஒரே பெயர்.

பிசிஎம்மிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொன்னார். டிவி ஆப்களில் வரும் அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் கேட்பதுபோன்ற சுற்றொலி, அதோடு போய்விடும். எதற்காக அந்த சவுண்ட்பாரை வாங்கினேனோ அதையே விட்டுவிடச் சொல்கிறார்.

இவராவது மரியாதையாகப் பேசினார். நான்காவது முறை அழைத்தபோது பேசியவரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நாற்பது நிமிடம் காத்திருந்து, மேலே எழுதியதையெல்லாம் நிதானமாகச் சொல்லி முடித்தேன். அவர் கேட்டது: “வீட்ல சின்னப் பசங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட ஃபோனைக் குடுங்க சார்.” பிறகு, “ஈ-ஆர்க் எல்லாம் புது டெக்னாலஜி, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.” இதன் முந்தைய வடிவமான ஆர்க் 2009-இல் வந்தது. ஈ-ஆர்க் 2017-இல் ஹெச்டிஎம்ஐ 2.1-உடன் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் புதுசு என்றால் பழசு ஆவது எப்போது? அந்த உரையாடல் உங்களிடம் பதிவாகியிருக்கும். தயவுசெய்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள், என் குரல் ஒரு இடத்தில்கூட உயரவில்லை.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்து வாருங்கள் என்றார்கள். சரி என்று சவுண்ட்பார், சப்வூஃபர், இரண்டு ரிமோட், கேபிள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு விடுப்புப் போட்டுப் போனேன். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, “டிவி இல்லாம எப்படி சார் பார்க்கிறது?” என்றார்கள். 65 இஞ்ச் டிவியைச் சுவரிலிருந்து கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வர வேண்டுமா? சுற்றிலும் உங்கள் டிவிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் செருகிப் பார்க்கச் சொன்னேன். அதெல்லாம் டிஸ்ப்ளேவுக்காம்.

அப்புறம் வீட்டுக்கு வந்தார் ஒரு டெக்னீஷியன், கேபிள்கூட இல்லாமல். ஆர்க் என்று எழுதியிருக்கும் போர்ட்டை விட்டுவிட்டுப் பக்கத்துப் போர்ட்டில் செருகி, சத்தமே வரவில்லையே என்று அவரே ஆச்சரியப்பட்டார். பிறகு என் பெட்டியில் கிடந்த ஆப்டிகல் கேபிளை எடுத்தார். முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியோடு அழுத்திக்கொண்டிருந்தவரிடம், மூடியைக் கழற்றுங்கள் என்று நான்தான் சொன்னேன். சத்தம் வந்தது. “வருதுல்ல சார்?” என்று கையெழுத்துக் கேட்டார். ஆப்டிகலில் 5.1 (ஆறு சேனல் ஒலி) வரைதான், அட்மாஸ் வராது. டிவி ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டவும் முடியாது. அதனால் அம்மா இப்போது ஒரு கையில் ஒரு ரிமோட், இன்னொரு கையில் இன்னொன்று என்று உட்கார்ந்திருக்கிறார். இதைத்தான் ‘தீர்க்கப்பட்டது’ என்கிறீர்கள்.

மறுபடியும் அந்த ஃபோனுக்கே வருகிறேன், மன்னிக்கவும், ஆறவில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள் என்று மூன்று தடவை செய்ய வைத்தவரும் அவரே. ஒவ்வொரு ரீசெட்டுக்குப் பிறகும் வைஃபை பாஸ்வேர்டிலிருந்து எல்லா ஆப்பின் பாஸ்வேர்டு வரை ரிமோட்டின் அம்புக்குறியால் எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். ஒரு எழுத்து தவறினால் முதலிலிருந்து. இந்த இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. குடும்பத்தில் பேச்சுவார்த்தையே குறைந்துவிட்டது. இதற்கெல்லாம் யார் நஷ்டஈடு தருவது?

சொல்ல மறந்தது: அப்டேட்டுக்குப் பிறகு நடுராத்திரியில் கேம் கன்சோல் தானாக விழித்து டிவியையும் எழுப்புகிறது. ஹெச்டிஎம்ஐ வழியாக ஒரு பொருள் இன்னொன்றை இயக்கும் சிஇசியை அணைத்தால் அது நிற்கிறது, ஆனால் உங்கள் மெனுவில் ஈ-ஆர்க்கும் சேர்ந்து மங்கிவிடுகிறது. ஈ-ஆர்க்குக்கு சிஇசி தேவையில்லை என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பழைய மென்பொருளுக்குத் திருப்பித் தாருங்கள், அல்லது சரியான அப்டேட் எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் சொல்லுங்கள். இரண்டும் முடியாதென்றால் இரண்டு பொருளையும் எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். பத்து நாள் பார்ப்பேன். பதினோராவது நாள் பில், வாரண்டி கார்டு, ஐந்து புகார் எண்கள், சத்தம் அறுபடும் வீடியோ எல்லாம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும். அந்த நிலைக்கு விடமாட்டீர்கள் என்று இன்னும் நம்புகிறேன்.

தயவுசெய்து ரீசெட் செய்யச் சொல்லி மட்டும் யாரும் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: ஆப்டிகல் கேபிளின் இரண்டு மூடிகளையும் உங்கள் டெக்னீஷியன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவற்றையும் அனுப்பி வைக்கவும்.