கொல்லைக்கு நாலு கன்று: இன்னும் 33,500 ரூபாய் வேண்டும்

ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் பாடுபடும் நம் பிள்ளைகளுக்கும் கொல்லைத் தோட்டக் குழுவின் வணக்கம்.

ஆவணி கடைசி வெள்ளிக்குள் நர்சரிக்காரருக்கு முழுப் பணமும் கட்டியாக வேண்டும். தவறினால் நம் வீட்டுக் கொல்லைகளில் நட ஒதுக்கி வைத்திருக்கும் 448 மரக்கன்றுகளும் வேறு ஊருக்குப் போய்விடும். புரட்டாசியில் நட்டால்தான் ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடிக்கும். அதை விட்டால் ஒரு வருடம் போச்சு.

நம் ஊர் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையில் இருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் நடந்து வந்தது இந்த வழியாகத்தான். அவர்களுக்குச் சோறு போட்டாலும் தங்க இடம் கொடுத்தாலும் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் அசரவில்லை. சோற்றைப் பொட்டலம் கட்டி, சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று போலீஸ் எந்த மரத்தைக் கேட்கும்? அப்படி மரத்தைச் சாட்சி வைத்துச் சோறு போட்ட மண் இது. இன்றைக்கு அந்த மண்ணில் பத்து ரூபாய் கொடுத்துக் கறிவேப்பிலை வாங்கிச் சமைக்கிறோம். பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது எங்களால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கஜா புயல் கரை கடந்த பிறகு கிழக்குத் தெருவில் ஒரு மாமரம் நிற்கவில்லை. விழுந்த தென்னைக்குக் கணக்கெடுத்தார்கள். கொல்லையில் நின்ற நார்த்தைக்கும் எலுமிச்சைக்கும் முருங்கைக்கும் கணக்கெடுக்க ஒருவரும் வரவில்லை. ஊறுகாய்க்கும் ரசத்துக்கும் குழந்தைக்குச் சளி பிடித்தால் கஷாயத்துக்கும் கை நீட்டிய இடம் அதுதானே? அந்த இடம் வெறும் மணலாகக் கிடந்ததைப் பார்த்துத்தான் இந்தக் குழு தொடங்கியது.

போன வருடம் 74 வீடுகளுக்குக் கன்று கொடுத்தோம். நட்ட 296-ல் 61 கன்றுகளை ஆடு மேய்ந்துவிட்டது. வேலி இல்லாமல் கொடுத்தது எங்கள் தவறு. அதனால்தான் இந்த முறை கன்றுக்கு முன்னால் கூண்டு வாங்கினோம். பிழைத்தவற்றின் அருமையை நேரில் வந்து பாருங்கள். மேலத் தெருவில் ஒரு அம்மா வீட்டுக் கறிவேப்பிலை இடுப்பு உயரம் வந்திருக்கிறது. நடுவில் ஒரு நாள் செடி மொட்டையாகிவிட்டது என்று பதறி ஓடி வந்தார். போய்ப் பார்த்தால் இலைக்கடியில் பச்சைப் புழு. தொட்டால் தலையிலிருந்து கொம்பு நீட்டி நாறியது. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு அது. மருந்தே வேண்டாம், கையால் பொறுக்கிப் போட்டு, புளித்த மோர் ஊற்றினார். பதினைந்து நாளில் கொழுந்து விட்டது. இந்த ஆடியில் மாரியம்மன் கோயில் கஞ்சிக்கு ஊற்றிய மோரில் தாளித்தது அந்த வீட்டு இலைதான். அம்மனுக்கு அதைவிட என்ன படைத்துவிட முடியும்!

இந்த வருடம் 112 வீடுகள். வீட்டுக்கு ஒரு மா ஒட்டு 120 ரூபாய், கொய்யாப் பதியன் 70, எலுமிச்சை 50, கறிவேப்பிலை 25. தொழுஎருவும் வேப்பம் புண்ணாக்கும் 150. நாலு மூங்கில் கூண்டு 240. கொத்தமல்லி, வெந்தயம், கீரை விதையோடு புதினாத் தண்டும் கற்பூரவள்ளிக் குச்சியும் சேர்த்து 45. ஆக வீட்டுக்கு 700, மொத்தம் 78,400. வண்டி வாடகை 6,600. கூட்டினால் 85,000 ரூபாய். வந்தது 51,500. அதில் கூண்டு, எரு, விதை எல்லாம் வாங்கியாகிவிட்டது, கையிருப்பு 2,780. குழி வெட்டிக் காத்திருக்கிறது, கன்றுக்குத்தான் பணமில்லை.

கொடுத்தவர்களை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது. சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகள் பதினொரு பேர் ஆளுக்கு 2,000 அனுப்பினார்கள். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு அது. மகளிர் குழுத் தாய்மார்கள் 12,000 கொடுத்தார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் பதினெட்டுப் பேர் ஆளுக்கு 500. அந்த வெயிலில் கால் வெடிக்க நின்று வாங்கிய கூலி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியல் உடைத்து 1,340 கொண்டுவந்து எண்ணிக் கொடுத்தார்கள், பாதிக்கு மேல் சில்லறை. மற்றவர்கள் கொடுத்தது 7,160. பணம் இல்லை என்று சொன்ன ஒரு பாட்டி, முருங்கைப் போத்து இருபது வெட்டி வைத்திருக்கிறார், வேண்டியவர்கள் வாங்கி நடலாம் என்று. அத்தனை பேருக்கும் கைகூப்பி நன்றி.

வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வரி நோட்டில் இன்னும் 90 வீட்டின் பெயருக்கு நேரே இடம் காலியாக இருக்கிறது. பெயரை வெளியே சொல்ல மாட்டோம். திருவிழாவில் ரேடியோ செட்டுக்கும் பேனருக்கும் தாராளமாகக் கொடுத்த வீடுகளும் அதில் உண்டு. உப்பளக் கூலி கொடுத்த பிறகு, மாடி வீடு கட்டியவர்கள் "அப்புறம் பார்க்கலாம்" என்றால் நாங்கள் என்ன சொல்வது? பக்கத்து வீட்டு மாம்பழம் தின்று வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லாரும். வீட்டுக்கு 375 ரூபாய் வந்தால் போதும், குறை தீர்ந்துவிடும்.

முடியாதவர்கள் ஒரு நாள் உடம்புழைப்பு தாருங்கள். மாங்கன்றுக்கு மூன்றடிக் குழி வெட்ட வேண்டும். எலுமிச்சைக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது, ஒரு அடி மேடு கட்ட வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிட வேண்டும், விட்டால் ஒட்டு செத்து நாட்டு மரம்தான் மிஞ்சும். மாங்கன்றை மூன்றடியில் நுனி கிள்ளிக் குட்டையாக வளர்த்தால் அடுத்த புயலில் சுலபமாகச் சாயாது. இதையெல்லாம் வீடு வீடாக வந்து நாங்களே காட்டித் தருகிறோம்.

தினமும் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். வெளியூர்ப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்கள் கையில் கொடுத்து அனுப்பலாம். கணக்கு நோட்டு மண்டபத்திலேயே இருக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம். ஆவணி கடைசி வெள்ளிக்குள் வந்துவிடுங்கள். அந்த வெள்ளிக்கு மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கன்று ஏற்றிவர வண்டி கிளம்புகிறது.

இப்படிக்கு,
கொல்லைத் தோட்டக் குழு