பரமபதத்தில் புயல்

ரோஸ் ஹில், மொரீஷியஸ்
ஞாயிறு மாலை

அன்புள்ள குமரா,

நலம்தானே? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் எனக்குத் தலைவலி. குடும்பச் செய்தி அவ்வளவுதான்.

காவடி முடிந்ததும் எழுதுகிறேன் என்றவன் நீ. எந்த வருஷத்துக் காவடி என்று சொல்லவில்லை, அது என் தப்புதான். போகட்டும். இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பரமபத அட்டை வரைந்துகொண்டிருக்கிறேன். சிரிக்காதே. வைகுண்ட ஏகாதசிக்கு ஹாஸ்டலில் விடிய விடிய ஆடி, வார்டனிடம் எல்லாரும் மாட்டி, நீ மட்டும் போர்வைக்குள் புகுந்து தப்பித்தாயே, அதே பரமபதம்தான். ஆனால் இதில் பாவ புண்ணியம் கிடையாது. புயல்தான். அடைத்துக் கிடக்கும் வாய்க்கால், கட்டாமல் விட்ட கூரைத் தகரம் எல்லாம் பாம்பு. முன்கூட்டியே கிளை வெட்டிய மாமரம் ஏணி. உச்சிக் கட்டத்தில் பெருமாளுக்குப் பதில், கான்கிரீட் வீட்டுக்குள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பம். பிள்ளைகள் வீட்டில் பேசுவது இந்தத் தீவின் கிரியோல் மொழி. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அதனால் படமே பேச வேண்டும் என்று வார்த்தைகளைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.

முதல் தடவை ஆடவிட்டபோது ஒரு வாண்டு கேட்டாள்: “சார், நான் ஒண்ணுமே செய்யலையே, என்னை ஏன் பாம்பு கடிச்சுது?”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சரியான கேள்வி, குமரா. தாயக்கட்டை உருண்ட பக்கம் விதி என்றால், புயலில் பிழைப்பதும் அதிர்ஷ்டம்தான் என்று நானே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிறது. பழைய பரமபதத்துக்கு அது பொருந்தும், முன்ஜென்மக் கணக்கு என்று சொல்லிவிடலாம். இதற்கு எப்படிப் பொருந்தும்?

யோசித்து யோசித்து, கையில் சீட்டு கொடுத்தேன். குடிதண்ணீர், டார்ச், பிளாஸ்டிக் பையில் போட்ட பத்திரங்கள், இப்படி. பாம்பின் வாயில் நிற்கும்போது அதற்குரிய சீட்டு கையில் இருந்தால் கடி இல்லை. சீட்டு எப்போது எடுக்கலாம் என்பதற்கு நம் வானிலை நிலையத்து எச்சரிக்கைகளையே வைத்துக்கொண்டேன். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வருவதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்னால் ஒன்றாம் எச்சரிக்கை. இரண்டாவது வரும்போது அந்தக் காற்றுக்கு முன் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் மிச்சம் இருக்க வேண்டும், மூன்றாவதற்கு 6 மணி நேரப் பகல். நேரத்தை வெளிச்சத்தில் கணக்கிட்டவன் கெட்டிக்காரன்டா. கூரையை இருட்டில் கட்ட முடியுமா? ஆக ஒன்றாம் எச்சரிக்கையில் மூன்று சீட்டு, இரண்டில் இரண்டு, மூன்றில் ஒன்று. நான்காம் எச்சரிக்கை வந்துவிட்டால் கையில் இருப்பதுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் புயலின் கண். அட்டையிலேயே அழகான படம் அதுதான்: நீல வானம், வெயில். ஆனால் மிக நீளமான பாம்பின் தலை அங்கேதான். 1960 பிப்ரவரியில் கரோல் புயலின் கண் தீவைக் கடந்தபோது எல்லாம் ஓய்ந்தது என்று ஜனங்கள் வெளியே வந்ததையும், காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடித்ததையும் அம்மா இன்னமும் சொல்வாள். இந்தப் பாம்புக்குச் சீட்டு கிடையாது. “ஆடலை, உட்கார்ந்துக்கறேன்” என்று ஒரு முறை விட்டுக்கொடுத்தால்தான் தப்பலாம். பிள்ளைகளால் உட்கார முடிகிறதா என்கிறாய்? கட்டை கையில் இருக்கும்போது உலகத்தில் எந்தப் பிள்ளையால் முடியும்! இரண்டு தடவை விழுந்த பிறகு உட்காருகிறார்கள்.

ஒரு கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. 2013 மார்ச் 30, போர்ட் லூயிஸ் வெள்ளம். 11 பேர் போனார்கள், சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்டவர்களும் சேர்த்து. தெருவில் வெள்ளம் ஓடும்போது கீழே இறங்காதே என்று சொல்லாமல் விடவும் முடியவில்லை, அதை விளையாட்டு அட்டையில் வரையக் கையும் வரவில்லை. படிக்கட்டு மட்டும் வரைந்தேன், அழித்தேன். தண்ணீர் வரைந்தேன், அதையும் அழித்தேன். நீ என்ன நினைக்கிறாய்? விளையாட்டாகப் பேசாமல் பதில் சொல்.

அச்சகக் கதை தனி. தமிழ் தெரியாத புண்ணியவான் ஃபைலைத் திறந்ததும் கொம்பெல்லாம் எழுத்தை விட்டுக் கழன்று, “கொடி” எங்கேயோ போய் விழுந்தது. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசரைப் போடாவிட்டால் இந்தக் கூத்துதான். இனி எல்லா எழுத்தையும் அவுட்லைன், அதாவது வெறும் கோட்டுப் படம், ஆக்கித்தான் கொடுப்பேன். கமிட்டியில் ஒருவர் உச்சிக் கட்டத்தில் தலைவர் படம் போடலாமே என்றார். பெருமாளையே இறக்கிவிட்டேன், இவர் எம்மாத்திரம் என்று வாய் வரை வந்தது. அட்டையின் பின்பக்கம் தருகிறேன் என்று சமாளித்தேன்.

உன்னிடம் வந்த காரியத்தைச் சொல்கிறேன். உங்கள் ரேயூனியன் தீவுக்கும் ஒரு பதிப்பு போடலாம் என்று ஆசை. எங்களுக்குப் புயல் எச்சரிக்கை எண் என்பதால் ஒரு கொடி, இரண்டு கொடி என்று வரைந்துவிட்டேன். உங்களுக்கோ மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அதற்கு மேல் 2024 ஜனவரியில் பெலால் புயலுக்கு முதன்முதலாக அறிவித்த ஊதா. சிவப்பும் பச்சையும் பிரியாத உன் கண் எனக்கு இப்போதுதான் பயன்படப் போகிறது. (அந்த மாப்பிள்ளை அழைப்புச் சட்டையை ராஜம் அத்தை இன்னும் மறக்கவில்லை.) மஞ்சளுக்குப் புள்ளி, ஆரஞ்சுக்குச் சாய்கோடு, சிவப்புக்குக் கட்டம், ஊதாவுக்கு நிரப்பிய கறுப்பு என்று கோலம் சேர்த்திருக்கிறேன். எப்படியும் பள்ளிக்கூடத்தில் கறுப்பு வெள்ளையில்தானே போட்டோகாப்பி எடுப்பார்கள். நாலும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார். உன் மனைவியைக் கேட்டுச் சொல்லாதே. அவளுக்குத் தெரியும் என்பது எனக்கே தெரியும்.

மாதிரி அட்டை இரண்டை இத்துடன் அனுப்புகிறேன். ஒன்றில் உன் வகுப்புப் பிள்ளைகளை ஆடவிட்டு, எங்கே சண்டை வந்தது என்று குறித்து அனுப்பு. நவம்பரில் புயல் காலம் தொடங்குவதற்குள் அச்சுக்குப் போயாக வேண்டும்.

அன்புடன்,
வேலு