சாவோ பாவ்லோ (பிரேசில்): புதிதாக வந்தவர்கள் கவனத்துக்கு

வணக்கம். ஆகஸ்ட் 16, ஞாயிறு காலை 10 மணிக்கு இபிராபுவேரா பூங்கா 3ஆம் வாயிலில் சந்திப்போம். அதற்குள்:

1. வேலை விசாக்காரர்கள் நாட்டுக்குள் நுழைந்த 90 நாளுக்குள் ஃபெடரல் போலீசில் பதிய வேண்டும். தவறினால் நாள் கணக்கில் அபராதம். பதிவுக்கு முன்பதிவு நேரம் கிடைக்கவே இழுக்கும், இன்றே ஆன்லைனில் பாருங்கள்.

2. சிபிஎஃப் (பிரேசிலின் வரி அடையாள எண்) எடுங்கள். சிம், வாடகை, பிக்ஸ் (ஃபோனில் உடனடிப் பணம் அனுப்பும் வசதி) எல்லாவற்றுக்கும் அதுதான். மருந்துக்கடையில் தலைவலி மாத்திரைக்குக்கூடக் கேட்பார்கள்!

3. இங்கே பெரும்பாலும் 127 வோல்ட், நம் ஊரைவிடக் குறைவு. ஊர் மிக்ஸி முனகும், சட்னி அரையாது. ஊருக்குப் போனால் சுமந்து வராதீர்கள்.

4. பாவ்லிஸ்டா அவென்யூவில் ஃபோனைக் கையில் பிடித்து நடக்க வேண்டாம். சைக்கிளில் வந்து பறிப்பார்கள்.

எத்தனை பேர் வருகிறீர்கள், பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று வெள்ளிக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.