வீடு மாறும்போது முதலில் பிரிக்க வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனபின் நாலறை வீட்டை விற்றுவிட்டு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் சிறிய வீடான ஈரறை ஃபிளெக்சிக்கு மாறும் மூத்தோர் சிலரைச் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் காண்கிறேன். 55 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 15 முதல் 45 ஆண்டு வரையிலான குறுகிய குத்தகையைத் தேர்ந்தெடுக்க 2015இல் வழி பிறந்ததிலிருந்து, மிஞ்சும் பணத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு அளவோடு வாழலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால், ஏறக்குறைய 90 சதுர மீட்டரில் பரவிக் கிடந்தவற்றை அதில் பாதியளவே உள்ள வீட்டுக்குள் அடக்க முற்படும்போது, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற வேலையைப் பெரும்பாலான குடும்பங்கள் தலைகீழாகவே தொடங்குகின்றன.

வாக்குவாதம் சோபாவிலும் அலமாரியிலும் ஆரம்பிக்கிறது. அவற்றில் யோசிக்க அதிகம் இல்லை. இடமில்லையென்றால் நகர மன்றத்திடம் சொல்லி அப்புறப்படுத்தலாம், சிலவற்றை வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரர் எடுத்துக்கொள்வார். பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்களில் நான்கைந்தை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் புழங்குபவர்களுக்குக் கொடுத்துவிடலாம். (கொடுக்க மனமின்றி வீட்டு வாசலையொட்டிய பொது நடைபாதையில் அடுக்கிவைப்போருக்கு ஒரு வார்த்தை: தீ மூண்டால் அண்டைவீட்டாரின் வழியையும் அவை அடைத்துவிடும்.)

இந்த இழுபறியிலேயே நாள்கள் கரைந்து, சாவியை ஒப்படைக்கும் தறுவாயில் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளிவரும் பிஸ்கட் டின், யாரும் திறந்துகூடப் பாராமல் குப்பைக் குழாய்க்குள் போய்விடுகிறது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இடம் மாறியபோது அப்படிப் போகவிருந்த டின் ஒன்றை அவருடைய பேத்தி திறந்து பார்த்தாள். பெரியவரின் தந்தை நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தபோது வாங்கிய பயணச்சீட்டு, செம்பவாங் கடற்படைத் தளத்தின் பணிச்சான்று, பிரிட்டிஷ் படைகள் வெளியேறவிருந்த நேரத்தில் கைக்கு வந்த ஆட்குறைப்புக் கடிதம், ஓரம் வளைந்த புகைப்படங்கள் ஆகியவை அதில் இருந்தன. ஒரு படத்தின் பின்புறத்திலும் பெயர் இல்லை. தாத்தா சொல்லச் சொல்லப் பேத்தி பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தாள். சிலரை அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

ஆகவே, தாள்களையும் படங்களையும் முதலில் பிரியுங்கள், தளவாடங்களைக் கடைசியில் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். உரியவர் நினைவோடும் பேசும் நிலையிலும் இருக்கும்போதே அவரை உட்காரவைத்து இதைச் செய்ய வேண்டும். பிள்ளைகள் ஒரு வார இறுதியில் ஆள் வைத்து முடித்துவிடக்கூடிய வேலை இதுவன்று. எல்லாத் தாளும் பொக்கிஷம் என்று நான் சொல்லவில்லை. பழைய மின்கட்டண ரசீதுகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்து செல்லும் நண்பர்களிடம் நானே சண்டை போட்டிருக்கிறேன்.

சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னாக்கம் செய்யும் பணிக்குத் தொண்டூழியர்கள் திரண்டு, 2015இல் அதனை நிறைவேற்றிக் காட்டினார்கள். அதே முறையில், தமிழ் அமைப்புகள் சமூக மன்றங்களில் மாதம் ஒரு நாள் ஒதுக்கி, மூத்தோர் கொண்டுவரும் படங்களையும் ஆவணங்களையும் இளையர்கள் வருடி (ஸ்கேன் செய்து) பதிவுசெய்து, மூலத்தை அவர்களிடமே திருப்பித் தரும் ஏற்பாட்டைத் தொடங்கலாம். பொதுமக்களுக்குப் பயன்படக்கூடியவை தென்பட்டால், உரியவர் சம்மதத்துடன் தேசிய ஆவணக் காப்பகத்தையோ கேம்பல் லேனிலுள்ள இந்திய மரபுடைமை நிலையத்தையோ அணுகிக் கேட்கலாம். பழைய கடிதங்களின் கையெழுத்தையும் அந்நாளைய எழுத்து வடிவங்களையும் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டால் நான் வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஈசூன்